எட்டாவது பாட்டன்

கருங்கழுகு வீட்டுத் தலைவர் இசென்குல் பெக்குக்கு ஒரு நல்ல பழக்கம் உண்டு: பந்தயம் கட்டமாட்டார். ஒரு கெட்ட பழக்கமும் உண்டு: வெள்ளைக்கிடா வீட்டுப் பெரிய அம்மாள் பூபுஷ் பாய்பிசே எதிரில் வந்து உட்கார்ந்துவிட்டால் அந்த நல்ல பழக்கம் மறந்துபோகும்.

போன வருஷ விருந்தில் அப்படித்தான் மறந்துபோனது. "அடுத்த இலையுதிர்காலம் கானோட கூடாரத்துக்குள்ள எந்த வீடு முதல்ல நுழையுதோ, அதுக்கு மத்த வீடு தன்னோட ஒசத்தியான குதிரையைக் கொடுத்துடணும்!" என்று பாய்பிசே சொன்னாள். "கொடுத்துட்டா போச்சு!" என்று தொடையில் தட்டினார் இசென்குல். தைலாக் கானே சாட்சி. சபை மொத்தமும் சாட்சி. தட்டிய தொடை மட்டும் அவருடையது. குதிரை அவர் மகள் பெர்மெத்துடையது.

பிறந்த அன்றே பெர்மெத் தன் மடியில் போட்டுத் துடைத்தெடுத்த பெண் குட்டி அது. பறக்கும் குதிரைகளின் வம்சம். ஆனால் சிறகு மட்டும் இரண்டு முறம் அளவுக்கு மேல் வளரவில்லை. சந்தோஷம் வந்தால் படபடவென்று அடித்துக்கொள்ளும். ஒரு சாண் உயரம்கூட எழும்பாது. அதனால் அதற்குக் கவுதாரியின் பெயர்: கெக்லிக். ஆனால் தரையில் ஓடினால் காற்று பின்தங்கி மூச்சு வாங்கும். கருங்கழுகு வீட்டின் ஒசத்தியான குதிரை எது என்று யாரைக் கேட்டாலும் கெக்லிக்கைத்தான் காட்டுவார்கள்.

"முதல்ல போயிடுவோம்மா, கவலைப்படாதே" என்று இந்த வருஷ விருந்துக்குப் போகும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார் இசென்குல்.

"போன வருஷமும் அப்படித்தான் சொன்னீங்க, அப்பா."

"போன வருஷம் செருப்பு அறுந்துது."

"குதிரையில போறவருக்குச் செருப்பு அறுந்தா என்ன?"

இசென்குல் மேலே பார்த்தார். மேலே நடைமலை படுத்திருந்தது. முன்னால் ஒரு சிகரம், பின்னால் ஒரு சிகரம், நடுவே பள்ளம், பள்ளத்தில் கானின் வெள்ளைக் கூடாரம். ஆதிகாலத்தில் இந்த மலை ஊர் ஊராக நடந்து திரிந்ததாகச் சொல்வார்கள். பெயர்தான் நடைமலை, நடந்ததைப் பார்த்தவர் யாரும் உயிரோடு இல்லை. கான் மட்டும் பரம்பரை வழக்கத்தை விடாமல் அதன் முதுகில் கூடாரம் போட்டுவந்தார்.

பள்ளத்துக்குப் போக ஒரே வழி, பின்சிகரத்தின் மேல் ஏறி இறங்கும் ஒற்றையடிப் பாதை. ஒரு குதிரை அகலம். அதன் அடிவாரத்துக்கு இடது பக்கத்திலிருந்து கருங்கழுகுக் கொடி வந்து சேர்ந்தது. அதே மூச்சில் வலது பக்கத்திலிருந்து வெள்ளைக்கிடாக் கொடியும் வந்து சேர்ந்தது.

இரண்டு குதிரைகளின் மூக்கும் இடித்துக்கொண்டன.

"அடேய் இசென்குல்! ஓரமா நில்லு. பெரியவங்க போகணும்" என்றாள் பூபுஷ் பாய்பிசே. எழுபது வயது, நரித்தோல் மேலங்கிக்குள் அரை ஆள், வாய் மட்டும் மூன்று ஆள். அவள் ஏறியிருந்தது கறுப்புப் பொலிகுதிரை. பின்னால் அவள் பேரன் குபாத், இந்த இடத்தில் இல்லாமல் வேறு எங்கேயாவது இருந்தால் தேவலை என்ற முகத்தோடு நின்றான்.

"வயசுல பெரியவங்கன்னா வீட்டுல கணப்பு பக்கத்துல இருக்கணும், பாய்பிசே. வழியில எதுக்கு வர்றீங்க?"

"நீ தோக்கறதைப் பாக்கத்தான்!"

வழிக்கு ஒரு முறை இருக்கிறது. இரண்டு பெரிய வீடுகள் ஒரே பாதையில் முட்டிக்கொண்டால், தங்கள் ஏழு பாட்டன்களின் பெயரை இடறாமல் சொல்லும் வீட்டுக்கு வழி. மூன்று வயதுப் பிள்ளைக்கே ஏழும் மனப்பாடம். ஆனால் மூன்று வயதுப் பிள்ளைக்கு எதிரில் பூபுஷ் பாய்பிசே நிற்கமாட்டாள்.

இசென்குல் நெஞ்சை நிமிர்த்தினார். "என் அப்பன் போல்சோன்! போல்சோனோட அப்பன் ஜான்தாய்! ஜான்தாயோட அப்பன் கோய்லூ! கோய்லூவோட அப்பன் சரிக்! சரிக்கோட அப்பன் மாம்பெத்! மாம்பெத்தோட அப்பன்..."

பாய்பிசே கொட்டாவி விட்டாள். மிகப் பெரிய கொட்டாவி.

"மாம்பெத்தோட அப்பன்..." இசென்குல் மீசையைத் தடவினார். மீசையில் பெயர் இல்லை.

"ஏன், மாம்பெத்துக்கு அப்பன் கிடையாதா? முட்டையிலேருந்து வந்தானா? கழுகு வீடுதானே, வந்திருப்பான்!"

வெள்ளைக்கிடா ஆட்கள் சேணத்தைத் தட்டிச் சிரித்தார்கள். பெர்மெத்துக்கு அந்தப் பெயர் தொண்டை வரை வந்து நின்றது. ஆனால் வீட்டுத் தலைவர்தான் சொல்ல வேண்டும். அவள் கெக்லிக்கின் பிடரியை இறுக்கிக்கொண்டாள்.

"வாக்கப்பட்டு வந்த நான் சொல்றேன் கேட்டுக்கோ!" என்று பாய்பிசே ஆரம்பித்தாள். தன் வீட்டு ஏழு பாட்டன்களையும் ஒரே மூச்சில், ஆட்டுமந்தையைப் பட்டிக்குள் விரட்டுவது போல விரட்டி அடைத்தாள். "ஏழு போதுமா? எனக்கு ஒன்பது தெரியும். இந்தா எட்டாவது: அல்பகூத்!"

மலைக்குள் யாரோ தொண்டையைக் கனைத்தது போலிருந்தது. சரளைக்கல் நாலு உருண்டது. கெக்லிக்கின் காது நிமிர்ந்தது.

"அல்பகூத் எங்களுக்கும் பாட்டன்தான்!" இசென்குலுக்கு ரோஷம் வந்துவிட்டது. "எட்டாவது தலைமுறையில நாம பங்காளிங்க! அவர் என்ன உங்க வீட்டுச் சொத்தா?"

இந்தத் தடவை பாதை ஒரு சாண் மேலே வந்து, திரும்ப இறங்கியது. பங்காளிச் சண்டை நடக்கும்போது பூமி நகர்ந்தால் யார் கவனிப்பார்கள்? பெர்மெத் ஒருத்திதான் கவனித்தாள். அவள் காலடிப் பாறையில் காய்ந்த புல் முழுவதும், குளிரில் ரோமம் சிலிர்ப்பது போல நெட்டுக்குத்தாக நின்றது.

தூங்குகிறவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் முதல் தடவை முனகுவான். இரண்டாவது தடவை புரண்டு படுப்பான். மூன்றாவது தடவை?

"வழி எங்களுக்கு!" என்று பாய்பிசே குதிரையைப் பாதையில் திருப்பினாள். "குபாத்! அந்தக் குதிரையை இப்பவே பிடிச்சு நம்ம பக்கம் கட்டு. மேல போனதும் இவங்களுக்கு ஞாபகமறதி வந்துடும். வம்சத்துலயே இருக்கு."

குபாத் இறங்கி வந்தான். கெக்லிக்கின் கடிவாளத்தைத் தொடக் கூச்சப்பட்டுக்கொண்டு நின்றான்.

"நான் நல்லா பாத்துக்குவேன்" என்றான். "தினமும் ஆப்பிள் குடுப்பேன். நீயும் எப்ப வேணா வந்து பாக்கலாம். பாட்டி இல்லாத நேரமா வா."

நல்ல பையன்தான். அதனால்தான் பெர்மெத் அவனை எச்சரித்தாள்.

"குபாத், உனக்கு இறுக்கிப் பிடிச்சுக்கத் தெரியுமா?"

"எதை?"

"எதையாவது."

பிறகு அவள் கெக்லிக்கின் மேல் தாவி ஏறி, அடிவயிற்றிலிருந்து மூச்சை இழுத்து, மலை அதிரக் கத்தினாள்.

"அல்பகூத்!"

படுத்த ஒட்டகம் எழுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், முதலில் எழும்புவது பின்பக்கம். நடைமலையும் அப்படித்தான் எழுந்தது. பின்சிகரம் வானத்தைப் பார்த்துக் கிளம்பியது. அடிவாரத்தில் நின்றவர்கள் எல்லாரும் சரிந்தார்கள், கீழே அல்ல, மேலே! சிகரத்தின் மேலேறி, அந்தப் பக்கமாக, கானின் கூடாரத்தைப் பார்த்து.

கெக்லிக் சிறகை விரித்தது. முற்றத்தில் ஒரு சாண் எழும்பாத சிறகுக்கு மலையே பிடித்துத் தள்ளினால் போதாதா? எழும்பியது. பூபுஷ் பாய்பிசே கைக்கு அகப்பட்டதைப் பிடித்தாள். அது கெக்லிக்கின் வால். குபாத் பாட்டியின் நரித்தோலைப் பிடித்தான். இசென்குல் பெக் குபாத்தின் பூட்ஸைப் பிடித்தார். கருங்கழுகும் வெள்ளைக்கிடாவும் ஒரே மாலையாகக் கோத்துக்கொண்டு சிகரத்துக்கு மேலே பறந்தன.

"விடுடா பூட்ஸை! கழண்டு வருது!" என்று கத்தினான் குபாத்.

"யாரை 'டா'ங்கற? நான் பெக்!"

"விடுங்க பெக்!"

"விடமாட்டேன்!"

"அய்யோ, பறக்கறேனே!" என்று பாய்பிசே அலறினாள். இரண்டாவது தடவை அதையே சொன்னபோது அலறல் இல்லை. மூன்றாவது தடவை சிரிப்பு. "இசென்குல்! பறக்கறேண்டா!"

பெர்மெத்துக்குச் சிரிப்பில் கண்ணீர் முட்டியது. கீழே வெள்ளைக் கூடாரம் பெரிதாகிக்கொண்டே வந்தது. கூரையின் புகைபோக்கி வட்டம் கிணறு போலத் திறந்திருந்தது. கெக்லிக்குக்கு ஏறத் தெரிந்ததே தவிர இறங்கத் தெரியாது. கூரையில் இடித்த இடியில் மாலை அறுந்தது. குதிரை புகைபோக்கி வழியாக முதலில் உள்ளே போனது. அது பிய்த்த ஓட்டை வழியாக மற்ற நால்வரும் ஒரே மூட்டையாக, குமிஸ் நிறைந்த பெரிய தோல்பையின் மேல் விழுந்தார்கள். பை வெடித்தது. யார் கால் யாருடையது என்று புரியாமல் புளித்த குதிரைப்பாலில் நீந்தினார்கள். ஆட்களும் மூட்டைகளும் கூடாரத்தின் மெத்தென்ற சுவரில் ஒவ்வொன்றாக வந்து மோதும் சத்தம் வெளியே கேட்டது.

தைலாக் கான் ஆட்டுத்தலையைத் தட்டில் ஏந்தியபடி நின்றார். முதலில் வரும் விருந்தாளிக்காக ஏந்தியது. அவர் தாடியில் குமிஸ் சொட்டியது.

"முதல்ல வந்தது யாரு?" என்றார், மலை ஆடிய ஆட்டத்தில் தானும் ஆடிக்கொண்டு.

"நான்!" என்றாள் பாய்பிசே.

"நான்தான்!" என்றார் இசென்குல், கையில் ஒற்றை பூட்ஸோடு.

கான் இருவரையும் பார்க்கவில்லை. வாசலுக்கு நேர் எதிரே, கம்பளங்கள் அடுக்கிய முதல் மரியாதை இடத்தைப் பார்த்தார். அங்கே கெக்லிக் காலை மடக்கி உட்கார்ந்திருந்தது. கழுத்தில் கூரை வளையம் மாலையாகத் தொங்கியது.

கானுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் கான் சிரித்துக்கொண்டு தீர்ப்புச் சொல்லக்கூடாது. கன்னத்தைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

"முதல்ல வந்தது இவங்க. நீங்க ரெண்டு வீடும் பின்னால வந்தீங்க. பந்தயப்படி ரெண்டு வீடும் தன்னோட ஒசத்தியான குதிரையை இவங்களுக்குக் கொடுக்கணும்."



"கானே," என்றார் இசென்குல் மெதுவாக, "எங்க வீட்டு ஒசத்தியான குதிரையே இவதானே."

"அப்ப இவளை இவகிட்டயே கொடு."

இசென்குல் பெக் முழங்காலிட்டு, இரண்டு கையாலும் கடிவாள வாரை எடுத்து, முறைப்படி கெக்லிக்கின் வாயிலேயே வைத்தார். கெக்லிக் அதைக் கவ்விக்கொண்டது. பெர்மெத் ஓடிப்போய் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். இனி கெக்லிக்கை யாரும் பந்தயத்தில் வைக்க முடியாது, கெக்லிக்கைத் தவிர.

பாய்பிசேயின் கறுப்புப் பொலிகுதிரை வாசலில் தலையை நீட்டியது. அதுவே உள்ளே வந்து, புது எஜமானி கெக்லிக்கின் பக்கத்தில் அடக்கமாகப் படுத்தது.

"சந்தோஷத்தைப் பாரு அந்தத் துரோகிக்கு" என்று முணுமுணுத்தாள் பாய்பிசே. பிறகு சட்டென்று நிமிர்ந்தாள். "சரி, ரெண்டாவது இடம் யாருக்கு? பாட்டன் பேரைச் சொல்லிப் பாத்துடலாமா?"

"அய்யோ, எட்டாவது ஆள் மட்டும் வேண்டாம்!" என்று கான் தட்டைக் கீழே போட்டார்.

தொம், தொம் என்று கூடாரம் குலுங்கியது. மலை நடக்க ஆரம்பித்திருந்தது. வாசல் வழியே மேகங்கள் பின்னால் போயின.

"இது எங்க போகுது?" என்றான் குபாத். "எப்படி நிறுத்தறது? பாட்டி, உனக்கு ஒன்பது பேர் தெரியும்னியே. ஒன்பதாவதைச் சொல்லு, நிக்குதான்னு பாப்போம்."

எல்லாரும் பூபுஷ் பாய்பிசேயைப் பார்த்தார்கள். அவள் நரித்தோலில் இல்லாத தூசியைத் தட்டினாள். வாழ்நாளில் முதல் தடவையாக அவளுக்கு வாய் அடைத்துப்போனது.

"ஒன்பதாவது ஆளு முட்டையிலேருந்து வந்தாரோ, பாய்பிசே?" என்று இசென்குல் ஆரம்பித்து, முடிக்க முடியாமல் சிரித்தார்.

ஒட்டகத்தை உட்கார வைக்க என்ன சொல்ல வேண்டும் என்று ஒட்டகம் மேய்க்கும் வீட்டில் பிறந்த எல்லாருக்கும் தெரியும். பெர்மெத்துக்கும் தெரியும். ஒரே சொல்: "ஷோக்." அது நாக்கு நுனியில் வந்து நின்றது.

வெளியே எட்டிப் பார்த்தாள். கீழே ஆறு, சந்தை, அண்ணாந்து பார்க்கும் மனிதர்கள், எறும்பு எறும்பாக. கெக்லிக் சிறகை மெல்ல அடித்துக்கொண்டது.

பெர்மெத் ஒரு பொரித்த மாவுருண்டையைத் தேனில் தோய்த்து வாயில் போட்டுக்கொண்டாள். வாய் நிறைய இருக்கும்போது பேசக்கூடாது. இன்னொன்றை எடுத்துக் குபாத்திடம் நீட்டினாள்.