டீச்சருக்குப் பரீட்சை

சத்துணவுக்குப் பிள்ளைகள் தட்டோடு வரிசையில் உட்கார்ந்திருந்தபோதுதான் அந்தச் செய்தி வந்தது. தலைமையாசிரியர் தெய்வசிகாமணி செல்போனைக் கண்ணுக்கு எட்டப் பிடித்து இரண்டு முறை படித்தார். பிறகு, முட்டை வைத்துக்கொண்டிருந்த மரியசெல்வியைக் கூப்பிட்டார்.

"சுப்ரீம் கோர்ட்டுல தீர்ப்பு வந்துடுச்சாம்மா. வேலையில இருக்கறவங்களும் டெட், அதான் ஆசிரியர் தகுதித் தேர்வு, பாஸ் பண்ணியாவணுமாம். ரெண்டு வருஷம் டைம் குடுத்துருக்காங்க."

"புதுசா வந்தவங்களுக்குத்தானே சார்?"

"எல்லாருக்குந்தாம்மா. ரிட்டயர்மென்ட்டுக்கு அஞ்சு வருஷத்துக்குள்ள இருக்கறவங்களை மட்டும் வுட்டுட்டாங்க."

அவருக்கு இன்னும் மூன்று வருஷம்தான் பாக்கி. தான் தப்பித்துவிட்டதைச் சொல்லிவிட்டோமே என்று கூசிப்போய், "முட்டை ஆறுது, போய் வைம்மா" என்றார்.

மரியசெல்வி போய் முட்டை வைத்தாள். ஒரு பிள்ளைக்கு இரண்டு வைத்துவிட்டாள், கடைசியில் இருந்தவனுக்கு இல்லாமல் போனது.

வடக்குத்தைத் தாண்டிய ஒரு கிராமத்தின் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி அது. வாத்தியார்கள் இரண்டே பேர். நாலும் அஞ்சும் தலைமையாசிரியருக்கு. ஒன்று முதல் மூன்று வரை மரியசெல்விக்கு. குறிஞ்சிப்பாடியில் பிறந்து, ஆசிரியர் பயிற்சி முடித்து, பதிவு மூப்பில் வேலை வாங்கியவள். மைன்ஸில் பெர்மனென்ட் ஆபரேட்டராக இருந்த சைமன்ராஜைக் கட்டிக்கொண்டு நெய்வேலி குவார்ட்டர்ஸுக்கு வந்தாள். இந்த ஊரில் அவள் கையைப் பிடித்து எழுதப் பழக்கிய பிள்ளைகளின் பிள்ளைகளே இப்போது அவளிடம் படிக்கிறார்கள். ஒரு பிள்ளை இரண்டு நாள் வராவிட்டால் மூன்றாம் நாள் டீச்சரே அந்த வீட்டு வாசலில் வந்து நிற்பாள் என்பது ஊருக்கே தெரியும். அதற்குப் பயந்துகொண்டே பிள்ளைகளை அனுப்பிவிடுவார்கள்.

அன்று சாயங்காலம் வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது, சைமன்ராஜ் பூட்ஸைக் கழற்றிக்கொண்டே சிரித்தார்.

"ஒண்ணாங்கிளாஸ் டீச்சருக்கு என்ன பெரிய பரீட்சை? அ, ஆ கேப்பான். எழுதிட்டு வா."

மகள் ஜெனிஷா சிரிக்கவில்லை. அவளும் தொடக்கக்கல்வி ஆசிரியர் பயிற்சி முடித்தவள். மூன்று வருஷத்துக்கு முன்பே இதே டெட் தேர்வில் பாஸ் செய்துவிட்டாள். அதற்கப்புறம் வேலைக்கென்று தனியாக ஒரு நியமனத் தேர்வு வைத்தார்கள். அதில் கொஞ்ச மார்க்கில் போய்விட்டது. இப்போது குவார்ட்டர்ஸ் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்துக்கொண்டு அடுத்த அறிவிப்புக்காக உட்கார்ந்திருந்தாள். வேலையில்லாத மகளிடம் சான்றிதழ் இருந்தது. சான்றிதழில்லாத அம்மாவிடம் வேலை இருந்தது. அந்த வீட்டில் இதை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

"நான் சொல்லித் தரேம்மா," என்றாள் ஜெனிஷா. "மழைக்காலத்துல எக்ஸாம் இருக்கு. இந்தத் தடவையே எழுதிடலாம்."

முதல் மாதிரித் தேர்வை மரியசெல்வி தெம்பாகத்தான் எழுதினாள். திருத்திக்கொண்டே வந்த ஜெனிஷாவின் முகம் போகப் போகச் சிறுத்தது. குழந்தை மேம்பாட்டில் எந்தக் கொள்கை யார் சொன்னது என்பதெல்லாம் முன்னுக்குப் பின் மாறிக் கிடந்தன. கணக்கில் பாதியை அவள் தொடவேயில்லை. அதெல்லாம் போகட்டும். சூழ்நிலையியலில் ஒரு கேள்வி: பின்வருவனவற்றுள் பூச்சி அல்லாதது எது? எறும்பு, சிலந்தி, தேனீ, கரப்பான். மரியசெல்வி யோசித்து யோசித்து எறும்பைக் குறித்திருந்தாள்.

"சிலந்திம்மா."

"அதெப்படிடி? எட்டுக்கால் பூச்சி. பேருலயே பூச்சின்னு இருக்கு."

"பூச்சின்னா ஆறு கால்தாம்மா. எட்டு இருந்தா அது வேற இனம்."

மரியசெல்வி தாளை இழுத்து அந்தக் கேள்வியை மறுபடி படித்தாள். வருஷா வருஷம் கரும்பலகையில் சிலந்தியை வரைந்து, எட்டுக் காலையும் பிள்ளைகளை விட்டே எண்ணச் சொல்லி, 'இதுவும் ஒரு பூச்சி' என்று சொல்லிக்கொடுத்தவள் அவள். எத்தனை பிள்ளைகள்! அவர்கள் எல்லாரும் இப்போது எங்கெங்கோ இருப்பார்கள், அவள் சொன்னதை நம்பிக்கொண்டு. இன்னும் என்னென்ன தப்பாகச் சொல்லியிருக்கிறோமோ என்ற நினைப்பு அன்று உள்ளே புகுந்தது. அப்புறம் அது வெளியே போகவேயில்லை.

அதிலிருந்து அவள் வெறிபிடித்தாற்போலப் படித்தாள். பஸ்ஸில் படித்தாள். அடுப்பில் பால் பொங்கி வழிவது தெரியாமல் படித்தாள். கோயிலில் பூசை நடக்கும்போதுகூட உதடு வாய்ப்பாட்டை முணுமுணுத்தது. வீட்டில் படித்தது போதாமல், மெல்ல மெல்லப் பள்ளிக்கூடத்துக்கும் கைடை எடுத்துப்போனாள். பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் நாலு வரி எழுதிப் போட்டு, "பார்த்து எழுதுங்க" என்பாள். அவர்கள் எழுதிக்கொண்டிருக்கும்போது இவள் மேசையில் குனிந்துவிடுவாள். முடித்துவிட்டு வந்து நிற்கிற பிள்ளையிடம், "இன்னொரு தடவை எழுது" என்பாள், தலை நிமிராமல். தலைமையாசிரியர் பார்த்தும் பார்க்காததுபோல் போனார். யாருக்கு யார் என்ன சொல்வது?

ரெண்டாம் வகுப்பில் பவித்ரா என்று ஒரு பிள்ளை. அப்பனும் அம்மாவும் கூலி வேலை. ஒன்றாம் வகுப்பு முழுக்க வாயே திறக்காமல் இருந்த பிள்ளை, இந்த வருஷம்தான் எழுத்துக்கூட்ட ஆரம்பித்திருந்தது. 'ப-ட-கு... படகு' என்று படித்துவிட்டு, தான் படித்ததை நம்ப முடியாமல் டீச்சர் முகத்தைப் பார்க்கும். முன்பெல்லாம் மரியசெல்வி அதற்காகவே அவளை முதலில் கூப்பிடுவாள். இப்போது பவித்ராவும் எல்லாரோடும் சேர்ந்து பார்த்து எழுதிக்கொண்டிருந்தாள்.

பரீட்சைக்கு முந்தின வாரம் ஒரு நாள், அந்தப் பிள்ளையின் அம்மா நாகம்மாள் வகுப்பு வாசலில் வந்து நின்றாள். மரியசெல்வி அப்போது கடிகாரத்தை வைத்துக்கொண்டு மாதிரித் தேர்வு எழுதிக்கொண்டிருந்தாள்.

"டீச்சர், ஒரு சேதிங்க..."

"என்னம்மா? அவசரமா?"

"இல்லீங்க... பாப்பாவைப் பத்தி."

"நாளைக்கு வாயேன், பேசிக்கலாம்."

நாகம்மாள் கொஞ்சநேரம் நின்று பார்த்தாள். பிறகு முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு தூறலில் நடந்து போனாள். மறுநாள் அவள் வரவில்லை. வரவில்லை என்பதை மரியசெல்வியும் கவனிக்கவில்லை.

வீட்டிலும் அந்த வாரம் ஒரு வார்த்தை விழுந்துவிட்டது. விகிதக் கணக்கு ஒன்றை ஜெனிஷா எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தாள். மரியசெல்விக்கு ஏறவில்லை. அலுத்துப்போய்ப் பென்சிலைப் போட்டவள், "எங்களை மாதிரி ஆளுங்களை இந்த வயசுல இப்படிப் போட்டு வதைக்கிறாங்களே, இவங்களுக்கெல்லாம் மனசாட்சியே கிடையாதா?" என்றாள்.

"எங்களை வதைக்கலையா?" ஜெனிஷாவுக்குக் குரல் உயர்ந்துவிட்டது. "பாஸ் பண்ணிட்டு எத்தனை ஆயிரம் பேர் சும்மா உட்கார்ந்திருக்கோம்? நீங்க எல்லாம் போனாத்தானே எங்களுக்கு எடம் வரும்!"

சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று அவளுக்கே தெரிந்தது. "அம்மா, நான் அந்த அர்த்தத்துல..." என்று இழுத்தாள்.

"நீ சொன்னதுல என்னடி தப்பு? சரியாத்தான் சொன்ன. அந்தக் கணக்கை இன்னொருவாட்டி போடு."

ஜெனிஷா போட்டாள். இருவரும் அந்தக் கணக்கை முடிக்கும்வரை ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

பரீட்சை கடலூரில். சனிக்கிழமை காலையிலேயே மழை கொட்டியது. ஹால் டிக்கெட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு மரியசெல்வி பஸ்ஸில் போனாள். தேர்வுக்கூட வராந்தாவில் கூட்டம் நெரிந்தது. எல்லாம் சின்னப் பெண்கள். சிலர் கைக்குழந்தையோடு, குழந்தையைப் பார்த்துக்கொள்ள அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். நடுநடுவே இவளைப்போல நரைத்த தலைகள், சுவரை ஒட்டியே நின்றன.

"டீச்சர்!"

திரும்பினாள். எழில்மதி. இவளிடம் ஒன்றாம் வகுப்புப் படித்த பெண். சுடிதாரும் நனைந்த துப்பட்டாவுமாகச் சிரித்துக்கொண்டு நின்றாள்.

"நல்லா இருக்கீங்களா டீச்சர்? எந்த ரூமுக்கு நீங்க சூப்பர்வைசர்? எங்க ரூமுக்கு வாங்களேன்!"

மரியசெல்வி பிளாஸ்டிக் உறையைப் புடவைக்குள் மறைக்கப் பார்த்தாள். முடியவில்லை.

"நானும் எழுதத்தாம்மா வந்திருக்கேன்."

எழில்மதியின் சிரிப்பு அப்படியே நின்றது. "நீங்களா? நீங்க எதுக்கு டீச்சர்?" என்று கேட்டவள், பதிலுக்குக் காத்திராமல், "கர்ச்சீப் வச்சிருக்கீங்களா, முகமெல்லாம் நனைஞ்சிருக்கு" என்று தன்னுடையதை நீட்டினாள். அந்தக் கைக்குட்டையை வாங்கித் துடைத்தபோது மரியசெல்விக்கு அழுகை வந்தது. மழைத் தண்ணீரோடு அதையும் துடைத்துக் கொடுத்தாள்.

உள்ளே முதல் பகுதி ஓரளவு வந்தது. தமிழ் வந்தது. கணக்கில் கால் புதைந்துவிட்டது. ஒரு கணக்கை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகவேண்டும் என்று ஜெனிஷா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். ஆனால் விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை. பிள்ளைகளிடமும் அவள் அப்படித்தான், ஒன்றை முடிக்காமல் அடுத்ததைத் தொடவிடமாட்டாள். மணி அடிக்கப்போகிறார்கள் என்றபோது கடைசிப் பகுதியில் பாதி வெறுமையாகக் கிடந்தது. கேள்வியைப் படிக்காமலேயே கை போன வட்டத்தையெல்லாம் கருப்பாக்கினாள்.

திங்கட்கிழமை வகுப்புக்குப் போனவள் வருகைப் பதிவு எடுத்தாள். பல நாளைக்குப் பிறகு ஒவ்வொரு பேரையும் கூப்பிட்டு, முகத்தைப் பார்த்து எடுத்தாள். பவித்ரா இல்லை. முந்தின வாரமும் இல்லை என்று பக்கத்துப் பிள்ளை சொன்னது. மத்தியானம் அவர்கள் வீட்டுக்குப் போனாள். கதவில் பூட்டுத் தொங்கியது.

"நெல்லிக்குப்பம் பக்கம் கரும்பு வெட்டப் பூட்டாங்க டீச்சர்," என்றாள் எதிர்வீட்டுக்காரி. "பூராங் குடும்பமும்."

ஞாயிற்றுக்கிழமை அவள் கோயிலுக்குப் போகவில்லை. நெல்லிக்குப்பத்தில் இறங்கி, விசாரித்து, சேற்றில் வெகுதூரம் நடந்தாள். வெட்டிய கரும்புக் கொல்லைக்கு ஓரமாய்த் தார்ப்பாய் போட்ட குடிசைகள். ஒரு குடிசை வாசலில் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு பவித்ரா நின்றாள். டீச்சரைக் கண்டதும் ஓடி வரவில்லை. குடிசைக்குள் ஓடி ஒளிந்துகொண்டாள்.

நாகம்மாள் கொல்லையிலிருந்து வந்தாள். கையெல்லாம் கரும்புச் சோகை கிழித்த கீறல்.

"ஏம்மா, பிள்ளையை இப்படிக் கூட்டிக்கினு வந்துட்டியே. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, ஹாஸ்டல்ல கேட்டிருப்பேனே. இல்லைன்னா என் வீட்டுலயாவது..."

"அதைக் கேக்கத்தாங்க அன்னிக்கி வந்தேன்," என்றாள் நாகம்மாள். கோபமாகச் சொல்லவில்லை. "நீங்க படிச்சிகினு இருந்தீங்க."

மரியசெல்வி குடிசைப் பக்கம் ஓரடி எடுத்து வைத்தாள்.

"இப்ப கூட்டிக்கினு போறேம்மா. நானே பார்த்துக்கறேன்."

"இனிமே எங்கீங்க. தம்பியைப் பாத்துக்க இவளை வுட்டா யாரு? வெட்டு முடிஞ்சி சித்திரையில வூட்டுக்கு வருவோம். அப்ப பாக்கலாங்க." பிறகு, டீச்சரின் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீங்க எழுதின பரிச்சை நல்லபடியா வருங்க. மாரியாத்தாகிட்ட வேண்டிக்கிறேன்" என்றாள்.

குடிசைக்குள் குனிந்து, "பவித்ரா" என்று மரியசெல்வி கூப்பிட்டாள். உள்ளே இருட்டில் தம்பியின் அழுகைதான் கேட்டது. வாங்கிப்போன பிஸ்கட்டை நாகம்மாள் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பினாள்.

மாதங்கள் போய் ரிசல்ட் வந்தது. ஜெனிஷாதான் செல்போனில் பார்த்தாள். பார்த்துவிட்டு உடனே சொல்லாமல், சமையற்கட்டு வாசலில் வந்து நின்று, "அம்மா, இன்னும் டைம் இருக்கும்மா" என்றாள். ரிசல்ட் அதிலேயே தெரிந்துவிட்டது. மரியசெல்வி அரிந்துகொண்டிருந்த கத்தரிக்காயை அரிந்து முடித்தாள்.

சைமன்ராஜ் இப்போது சிரிக்கவில்லை. "பார்த்துக்கலாம் செல்வி, இன்னொருவாட்டி எழுது" என்று சொல்லிவிட்டு செகண்ட் ஷிஃப்டுக்குக் கிளம்பினார். அவர் வண்டிச் சத்தம் பிளாக் முனையில் திரும்பி மறைந்தது.

"நான் போயிடறேன்டி," என்றாள் மரியசெல்வி. "எழுதியே குடுத்துடறேன். அந்த எடமாவது உன்னை மாதிரி ஒருத்திக்குப் போகட்டும்."

"எனக்கு ஒண்ணும் வேணாம்." ஜெனிஷா தரையில் உட்கார்ந்து அழுதாள். "அந்த எடம் எனக்கு வராதும்மா. யாருக்குமே வராது. நீ போனா அந்தப் பள்ளிக்கூடத்துல ஒரு வாத்தியார் குறைவார், அவ்ளோதான்."

அது உண்மை என்று இருவருக்கும் தெரியும். தலைமையாசிரியர் ஓய்வுபெற்றால் அவர் இடத்துக்கே எப்போது ஆள் வரும் என்று யாருக்கும் தெரியாது.

அழுது முடித்து, முகம் கழுவிக்கொண்டு வந்து, ஜெனிஷா கைடைப் பிரித்தாள். வேறு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"கேக்கறேம்மா. சொல்லு."

ஒரு கேள்வி கேட்டாள். மரியசெல்வி பதில் சொன்னாள். தப்பான பதில். எப்போதும் 'இல்லைம்மா' என்று சொல்லித் திருத்துகிற ஜெனிஷா, புத்தகத்தைப் பார்த்தபடியே, "ம், சரி" என்றாள். அடுத்த கேள்விக்குப் போனாள்.

தான் சொன்னது சரியில்லை என்று மரியசெல்விக்குத் தெரிந்தது. மகள் தெரிந்தேதான் சரி போடுகிறாள் என்பதும் தெரிந்தது. கேட்கவில்லை. அடுத்த கேள்விக்கும் வாயில் வந்ததைச் சொன்னாள்.

"சரிம்மா," என்றாள் ஜெனிஷா.