ஹனோரா கேட்காத மன்னிப்பு

சிட்னிக்குப் போன கைதிக் கப்பல் நன்னம்பிக்கை முனையைத் தாண்டிய வாரத்தில், ஹனோரா டியர்னியின் உடம்பில் மாட்டியிருந்த பீப்பாய் துளிர்விட்டது. கருவாலி மரத்துப் பீப்பாய். கப்பலுக்கு மாவு ஏற்றி வந்தது. அடியைத் தட்டியெடுத்து, தலைக்கு ஓர் ஓட்டையும் கைகளுக்கு இரண்டும் போட்டு, அடங்காத பெண் கைதிகளுக்குச் சட்டைபோல மாட்டிவிடுவார்கள். உட்காரவும் முடியாது, படுக்கவும் முடியாது. மற்றப் பெண்கள் பொழுது சாய்வதற்குள் மன்னிப்புக் கேட்டுவிடுவார்கள். ஹனோரா கேட்கவில்லை.

அவள் செய்த குற்றம் இதுதான்: மகள் ஊனா காய்ச்சலில் நாக்கு வறண்டு கிடந்தபோது, கேப்டன் ப்ளண்டலின் கோழிகளுக்கு வைத்திருந்த தண்ணீரை எடுத்துப் புகட்டினாள். கைதிகளின் தண்ணீரைப் பாதியாகக் குறைத்த அந்த மகானுபாவர் கோழிகளுக்குக் குறைக்கவில்லை. எல்லோர் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்காவிட்டால், சிட்னியில் இறங்கியதும் பிள்ளையைப் பிரித்து அநாதை விடுதியில் போட்டுவிடுவதாக அறிவித்தார். கூட வந்த பெண்கள் பதறிப்போனார்கள்.

“அடியே, ஒரு வார்த்தைதானே? வாயால சொல்லிட்டு மனசுக்குள்ள திட்டிக்கோயேன்,” என்றாள் பக்கத்துப் படுக்கைக்காரி பெக்.

“சொன்னா, என் புள்ள குடிச்சது திருட்டுத் தண்ணின்னு ஆயிடும். நாளைக்கு உன் புள்ளைக்கும் கிடைக்காது. போடி, போய் வேலையப் பாரு.”

கப்பல் தச்சர் தளிர்களைச் செதுக்கித் தள்ளினார்; விடிந்தால் இன்னும் அடர்த்தியாக நின்றன. பீப்பாயைப் பிளந்துவிட்டு அவளுக்கு இரும்பு விலங்கு மாட்டச் சொன்னார் கேப்டன். ஓங்கிய கோடாலியின் காம்பும் துளிர்த்துக்கொண்டது. காவலுக்கு நின்ற சிப்பாய் ஜோப் ஹேக்கெட்டுக்கு இதெல்லாம் ஒரே வேடிக்கை.

“என்னம்மா, எப்ப காய்க்கப்போவுது?”

“முதல்ல உன் துப்பாக்கியப் பாரு தம்பி.”

துப்பாக்கியின் கட்டை அக்ரூட் மரத்தில் செய்தது. அது காய்த்தேவிட்டிருந்தது. ஹேக்கெட் இரண்டு கொட்டைகளை உடைத்துத் தின்றுவிட்டு மீதியை ஊனாவிடம் கொடுத்தான். அதற்கப்புறம் அவன் கிண்டலடிக்கவில்லை.

சிட்னித் துறையில் படகு வந்து நின்றபோது ஊனா குனிந்து பீப்பாய்க்குள் நுழைந்து தாயின் கால்களைக் கட்டிக்கொண்டாள். பீப்பாயின் அடியில் மரப்பட்டை வளர்ந்து மூடத் தொடங்கியது. பிள்ளையை இழுத்துப் போடும்படி கேப்டன் கத்தினார். ஹேக்கெட் மண்டியிட்டு, மிச்சமிருந்த இடுக்கில் கையை விட்டான். குழந்தையின் கை அவன் விரலைப் பிடித்தது. அவன் நிமிர்ந்தான்.

“வராதுங்க ஐயா. வேர் புடிச்சிருக்கு.”

“மரத்துக்கா?”

“புள்ளைக்கு.”

அந்தப் பதிலுக்காகக் கசையடியில் அவன் முதுகு கிழிந்தது. பொய் சொன்னான் என்று தண்டித்தார்கள். எங்கள் ஊரில் யாரும் அதைப் பொய்யென்று சொல்லமாட்டோம். சொல்கிறவனை வீட்டுக்குள்ளே விடவும் மாட்டோம்.

வேறு வழி தெரியாமல் தாயையும் மகளையும் பீப்பாயோடு, சிட்னிக்கு மேற்கே இருக்கும் எங்கள் ஊரான பரமட்டாவுக்குக் கொண்டுபோய், ஒரு பண்ணை ஓரத்தில் இறக்கினார்கள். கடைசிச் சிப்பாயின் சிவப்புச் சட்டையும் கண்ணுக்கு மறைந்ததும் பட்டை தானாகத் திறந்தது. இருவரும் வெளியே வந்து, தலையிலிருந்த இலைகளை உதறிவிட்டு, உருளைக்கிழங்கு தோண்டப் போனார்கள். பீப்பாய் அங்கேயே பெருத்து மரமாகி, பிறகு இரண்டு பேர் படுக்கும் அளவுக்கு வீடாகி, ஊனா வளர வளரத் தானும் அகன்றுகொடுத்தது. அநாதை விடுதிக்காரர்கள் பிள்ளையைக் கொண்டுபோக இரண்டு தடவை வண்டியோடு வந்தார்கள். இரண்டு தடவையும் வண்டிச் சக்கரம் பூத்துவிட்டதால் நடந்தே திரும்பினார்கள்.

கேப்டன் செத்துப்போனார். அவருடைய உத்தரவை ரத்துசெய்ய மட்டும் யாருக்கும் நினைவு வரவில்லை. அதனால் வருஷத்துக்கு ஒரு முறை அரசாங்கத்தின் சார்பில் ஓர் அதிகாரி மன்னிப்பை வாங்கிப்போக வந்துகொண்டிருந்தார். ஊனாவுக்குக் கல்யாண வயது வந்திருந்தது. அவள்தான் மரத்திலிருந்து எட்டிப் பார்ப்பாள்.

“அம்மா வேலையா இருக்கா. போன வருஷம் சொன்ன பதில்தான்.”

அதிகாரி சரியென்று தலையாட்டிவிட்டு, கொஞ்ச நேரம் நிழலில் நின்று வியர்வையைத் துடைத்துக்கொண்டு போவார்.