வெள்ளையடித்த சுவர்

தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தின் பின்சுவரில் படர்ந்த கற்பாசிதான் சிவநந்தினியின் ஆய்வுக்கூடம். கருவி வாங்க வக்கில்லாத அந்த டீச்சர், தேயிலை மலைக்கு அடிக்கும் மருந்து லயத்துக் காற்றில் எவ்வளவு கலக்கிறது என்பதை, பாசி கருகுவதைப் பள்ளிக்கூட அடிமட்டக் கோலால் அளந்தே ஆறு வருடம் குறிப்பெழுதினாள். அதற்குத்தான் இப்போது விருது. ‘வறுமையை வென்ற விஞ்ஞானி’யை அவள் வறுமையோடு சேர்த்தே படம் பிடிக்க, விருதுக்குழு எல்கடுவைத் தோட்டத்துக்கே வந்தது.

பெரிய மனிதர் யார் வந்தாலும் முதல்நாள் லயத்துக்கு வெள்ளையடிப்பது தோட்டத்து வழக்கம். குழு வருவதற்கு முந்தினநாள் பள்ளிக்கூடம் விட்டு அவள் வந்தபோது சுண்ணாம்பு இன்னும் காயவில்லை.

“தொரை ஆள் அனுப்பிட்டாரு புள்ள,” என்றாள் அம்மா பேச்சியம்மா. அவள் நகக்கண்ணெல்லாம் பச்சை. “அவனுங்க அந்தப் பாசிக் கறைமேலேயே பூசப் பாத்தானுங்க. நான்தான் ஒண்ணுவிடாம சுரண்டிக் குடுத்தேன்.”

சிவநந்தினி பின்சுவரின் ஈரச் சுண்ணாம்பை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

மறுநாள் விருதுக்குழுத் தலைவர் கேடயத்தைக் கொடுத்துவிட்டு, “எங்கம்மா அந்தப் பாசி?” என்று கேட்டார்.

அதற்குள் படம்பிடிப்பவர், “பாசி கெடக்கட்டும் சேர், இந்த வெள்ளைச் சுவருதான் எடுப்பா இருக்கு. அம்மாவும் வந்து நில்லுங்க. ரெண்டு பேரும் சிரிங்க,” என்றார்.

அம்மா வாயெல்லாம் பல்லாகச் சிரித்தாள்.