அழைக்க மறந்த வீடு

மடவார் வளாகத்துக்குப் பக்கத்தில் தனுஷ்கோடி வாத்தியார் புது வீடு கட்டி முடித்த சமயத்தில், ஸ்ரீவில்லிபுத்தூரில் அவரைத் தெரியாதவர்கள் குறைவு. வாத்தியார் வேலைக்காக வந்த பெயர் அல்ல அது. சனிக்கிழமை சாயங்காலம் பள்ளிக்கூடத்தில் அவர் செய்துவந்த பிரசங்கத்தால் வந்தது. சென்னைப் பட்டணத்தில் வாத்தியார் படிப்பு படித்தபோது மனோதத்துவம் என்ற சாஸ்திரத்தில் அவருக்குப் பித்துப் பிடித்துவிட்டது. அதைத் தமிழில் சொல்ல ஆரம்பித்ததும் வக்கீல்கள், கடைக்காரர்கள், தாலுகா குமாஸ்தாக்கள் என்று கூட்டம் சேர்ந்தது.

"மனசுங்கறது நமக்குத் தெரிஞ்ச அளவோட முடிஞ்சுபோறதில்ல," என்பார். "நமக்கே தெரியாம உள்ள ஒருத்தன் உக்காந்திருக்கான். நமக்குப் பிடிக்காததை அவன் எடுத்து ஒளிச்சு வச்சிருவான். நாம மறதின்னு சொல்லிக்கிடுதோம். பழைய கதைகள்ல யாராவது எதையாவது மறந்தா, சாபம்னு எழுதி வச்சிருவாங்க. சாபம் வெளியே இருந்து வரல. அவன் மனசே அவனுக்குப் போட்ட சாபம் அது."

ஒருதரம் உதாரணத்துக்கு, மாமனார் வீட்டுக் கல்யாணத் தேதியை மறந்துபோன ஒரு வக்கீலைப் பற்றிச் சொன்னார். பெயர் சொல்லவில்லை. ஆனாலும் கூட்டம் முழுக்க வக்கீல் சிவனாண்டியைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. சிவனாண்டியும் சிரித்தார். காது மட்டும் சிவந்துபோயிருந்தது.

ஆவணியில் பால் காய்ச்ச நாள் குறித்தார்கள். உள்ளூர் வீடுகளுக்கு மனைவி பரிபூரணத்தையும் கூட்டிக்கொண்டு போய் அழைத்தார். பிறந்த ஊரான ராஜபாளையத்துக்குத் தனியாக வண்டி கட்டிக்கொண்டு போனார். அங்கே பருத்தி வியாபாரம் செய்த பிச்சை முகம்மது, சின்ன வயசில் அவரோடு படித்தவர். அவரும், அவரிடம் சரக்கு வாங்க வந்திருந்த தூத்துக்குடித் தரகர் ஒருவரும் கூடவே நடந்தார்கள். போன இடமெல்லாம் மோர் கொடுத்தார்கள். நம்ம ஊர்ப் பையன் என்று பெருமைப்பட்டார்கள்.

"எல்லாருக்கும் சொல்லியாச்சா?" என்று கேட்டாள் பரிபூரணம், திரும்பி வந்ததும்.

"ஒருத்தரையும் விடல," என்றார். சொன்னபோது அவர் மனசில் பொய் ஏதும் இல்லை.

பால் காய்ச்சும் நாள் காலையில் வீடு கொள்ளாத கூட்டம். பிச்சை முகம்மது பழக்கூடையோடு வந்திருந்தார். சிவனாண்டியும் வந்திருந்தார். அடுப்பைப் பற்றவைத்து, புதுப் பானையைத் தூக்கி வைத்தார்கள். "கூடப் பொறந்தவ வந்து பாலை ஊத்தணும்லா? உங்க அக்கா எங்க?" என்று கேட்டது ஒரு குரல்.

தனுஷ்கோடி சுற்றுமுற்றும் பார்த்தார். அந்த நிமிஷம் வரைக்கும் அக்கா சீனியம்மாளின் நினைப்பே அவருக்கு வந்திருக்கவில்லை. அம்மா செத்த பிறகு அவரை இடுப்பிலேயே வைத்துச் சுமந்தவள். ராஜபாளையத்தில் தெருத் தெருவாக அழைத்தாரே, அதில் அவள் வீடு இல்லை.

"மதினிக்கு நீங்கதானே சொல்லப் போனீங்க?" என்றாள் பரிபூரணம்.

முந்திக்கொண்டு வாயில் வந்தது பொய்தான். "அக்காவுக்குக் காய்ச்சல். எந்திரிக்க முடியல."

"அய்யய்யோ," என்றார் பிச்சை முகம்மது, நிஜமான கவலையோடு. "நேத்து சாயங்காலம்கூட நம்ம சரக்குக் கிட்டங்கியில பருத்தி ஆய்ஞ்சுக்கிட்டு நல்லாத்தானே இருந்துச்சு? திடீர்னு என்ன?"

 பரிபூரணம் புருஷன் முகத்தையே பார்த்தாள்.

"மறந்துட்டேன்," என்றார் தனுஷ்கோடி. "சத்தியமா மறந்துபோச்சு."

"மறதின்னு ஒண்ணு இல்ல, பிடிக்காததை மனசே ஒளிச்சு வைக்குதுன்னு வாத்தியார்தானே சொன்னது?" என்று கேட்டார் சிவனாண்டி. குரலில் மரியாதைக்குக் குறைச்சல் இல்லை. பின்னாலிருந்து யாரோ களுக்கென்று சிரித்து, உடனே வாயைப் பொத்திக்கொண்டார்கள். வாய்விட்டுச் சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அந்தப் பொத்திக்கொண்டதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

பரிபூரணமே பாலை ஊற்றினாள். பொங்கியபோது ரெண்டு பேர் குலவை போட ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டார்கள். வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டு, வழக்கம்போல் வாசலில் நின்று பேசிக்கொண்டிருக்காமல் கலைந்தார்கள்.

மத்தியானமே ராஜபாளையத்துக்கு வண்டி கட்டினார். வழி நெடுக, அழைக்கப் போன நாளை நினைத்து நினைத்துப் பார்த்தார். எந்த வீட்டில் யார் என்ன சொன்னார்கள் என்பதெல்லாம் வந்தது. கிட்டங்கித் தெரு மட்டும் வரவில்லை. அந்தத் தெருவைத் தாண்டாமல் அடுத்த வீட்டுக்குப் போயிருக்கவே முடியாது.

கிட்டங்கி முற்றத்தில் பெண்கள் பருத்திக் குவியலைச் சுற்றி உட்கார்ந்து தூசி பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். சீனியம்மாள் தலையெல்லாம் பஞ்சு. அவரைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

"பால் நல்லாப் பொங்குச்சாலே?" என்று கேட்டாள். அவளுக்கு எப்போதும் தெருமுனை வரைக்கும் கேட்கிற குரல்.

"மறந்துட்டேன்க்கா."

"இருக்கும். எம்புட்டு சோலி உனக்கு." கையிலிருந்த பருத்தியை உதறினாள். "அன்னைக்கு அந்தத் தூத்துக்குடிக்காரரோட போனயே, அப்பவே இங்கேருந்து கூப்பிட்டேன். நின்னு பாத்த. பொறவு போயிட்ட. திரும்பி வருவன்னு செத்த நேரம் வாசல்லயே நின்னேன்."

"நானா பாத்தேன்?"

"என் மூஞ்சியத்தான் பாத்த."

அவர் முற்றத்துத் தூணைப் பிடித்துக்கொண்டார். உள்ளே ஒருத்தன் இருக்கிறான் என்று ஊருக்கெல்லாம் சொன்னவர், அவன் தனக்குள்ளும் இருப்பான் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. முதலில் காதுமடல் சுட்டது. பிறகு அந்தத் தெரு வந்தது. பிச்சை முகம்மது முன்னால் போய்விட்டிருந்தார். "ஏலே தனுசு!" என்று ஒரு சத்தம். கலைந்த தலையோடு ஒருத்தி கையை ஆட்டுகிறாள். "யாரு இது, இந்தக் கத்து கத்துது?" என்று தரகர் சிரித்துக்கொண்டே கேட்கிறார். "யாரோ கூலிக்காரி," என்று தாமும் சிரித்தபடி நடக்கிறார் தனுஷ்கோடி.

மறந்தது மறந்ததாகவே இருக்கட்டும் என்று விட்டிருக்கலாம். அவரால் முடியவில்லை.

"அக்கா, மறதி இல்ல. அந்தத் தரகர் நீ யாருன்னு கேட்டாரு. யாரோ கூலிக்காரின்னு சொல்லிட்டேன்."

பொறுக்கிக்கொண்டிருந்த கைகளெல்லாம் நின்றன.

"எதுக்குலே அப்படிச் சொன்ன?"

"நீ போட்ட சத்தம்... எனக்கு வெக்கமாயிருச்சு."

சீனியம்மாள் தலையிலிருந்த பஞ்சைத் தட்டிவிட்டாள். பக்கத்தில் இருந்தவள் ஒருத்தி மூக்கை உறிஞ்சினாள்.

"மறந்துட்டேன்னு சொன்னியே, அதோட விட்டிருக்கலாம்ல," என்றாள் அக்கா. "நான் பாட்டுக்கு இருந்திருப்பேன். போ. பிள்ளைக தேடும்."

வண்டியில் திரும்பும்போதுதான் அவருக்கு உறைத்தது. உண்மையைச் சொன்னதும் தமக்காகத்தான். தம் நெஞ்சில் இருந்த கல்லை எடுத்து, அத்தனை பெண்களுக்கு முன்னால் அவள் தலையில் வைத்துவிட்டு வந்திருக்கிறார்.

அடுத்த சனிக்கிழமை கூட்டம் சேர்ந்து, காத்திருந்து, கலைந்தது. அதற்கப்புறம் அவர் மனசைப் பற்றி யாரிடமும் பேசவில்லை. சிவனாண்டியே வீட்டுக்கு வந்து, "நான் வெளையாட்டுக்குச் சொன்னது, மனசுல வச்சுக்காதீங்க," என்றார். தனுஷ்கோடி தலையை மட்டும் ஆட்டினார்.

தை பிறந்து ஒருநாள் காலையில், சொல்லாமல் கொள்ளாமல் சீனியம்மாள் வந்தாள். தலையை எண்ணெய் வைத்து இறுக்கி முடிந்திருந்தாள். பிள்ளைகளை மடியில் போட்டுக்கொண்டாள். அடுப்படி நல்ல காத்தோட்டமாக இருக்கிறது என்றாள். எல்லாம் அவ்வளவு மெதுவாகச் சொன்னாள். முன்னறையில் இருந்த தனுஷ்கோடி காதைத் தீட்டிக்கொண்டு கேட்க வேண்டியிருந்தது.

"என்ன மதினி, தொண்டை கட்டியிருக்கா?" என்றாள் பரிபூரணம்.

"இல்லத்தா. பெரிய மனுசங்க இருக்கிற தெருவுல்லா."

அதில் குத்தல் இல்லை. அதுதான் அவரைக் கொன்றது. 'சத்தமாப் பேசுக்கா' என்று சொல்ல எழுந்தார். அடுப்படி வாசல் வரை போய், தண்ணீர் வேண்டும் என்று கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுத் திரும்பினார்.

சாப்பிட்டதும் கிளம்பிவிட்டாள். வண்டிகள் நிற்கிற இடம் வரைக்கும் அவரும் போனார். கடைத்தெருவில் நல்ல கூட்டம். அவளை ஏற்றிவிட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி வண்டிக்காரனிடம் சொன்னார்: "இது எங்க அக்கா! பதனமாக் கூட்டிட்டுப் போ!"

கடைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சீனியம்மாள் கூசிப்போய்ச் சேலையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"எதுக்குலே இந்தச் சத்தம்," என்றாள். "ஆள்க பாக்குறாக."

வண்டி நகர்ந்தது.