குப்பை என்கிற ஃபோல்டர்

அழிக்கிறதெல்லாம் ஒரு வேலையான்னு கேப்பீங்க. அன்னைக்கு என் உயிரை வாங்கினது அந்த வேலைதான்.

என் பொண்டாட்டி அட்டைப்பெட்டி டிசைன் பண்ற ஒரு ஆபீஸ்ல தற்காலிகமா இருக்கா. அவ தனியா வரைஞ்ச முதல் பெட்டி, ஒரு சோப்புக் கம்பெனிக்கு, சாயங்காலத்துக்குள்ள அச்சுக்குப் போகணும். போனா வேலை நிரந்தரம்னு முதலாளி வாக்குக் கொடுத்திருந்தார். அன்னைக்குன்னு பார்த்து சர்வர்ல இடமே இல்ல, கடைசித் திருத்தத்தைச் சேமிக்க முடியல. கம்ப்யூட்டர் ரிப்பேர்தான் என் பொழப்பு, அதனால என்னைக் கூப்பிட்டா.

நான் போறதுக்குள்ள அவ கலர் மாதிரி பார்க்க அச்சகத்துக்குக் கிளம்பிட்டா. முதலாளி என்னைச் சர்வர் ரூம்ல, அதாவது பாத்ரூமை ஒட்டின ஸ்டோர் ரூம்ல, உக்கார வெச்சார். பாதி டிஸ்க்கை 'குப்பை'ன்னு ஒரு ஃபோல்டர் முழுங்கியிருந்துச்சு.

"இதை அழிச்சிடலாமா சார்?"

"பேர்லயே இருக்கே தம்பி. இதைக் கேக்கணுமா?"

மவுஸால அழிச்சேன். யாரோ பயன்படுத்துறாங்க, முடியாதுன்னு சொல்லுச்சு. குப்பையை எவன் பயன்படுத்துவான்? கருப்புத் திரையைத் திறந்து கமாண்ட் அடிச்சேன். அதே பாட்டு. இன்னும் கடுமையான கமாண்ட். அதே பாட்டு. யார் திறந்து வெச்சிருக்காங்கன்னு பார்த்தா, 'ஆபீஸ்'னு காட்டுச்சு. அங்க எல்லாருக்கும் ஒரே லாகின், அதுக்குப் பேரே ஆபீஸ்தான். வெளங்கினாப்லதான். முதலாளி வேற பின்னாடி நின்னுக்கிட்டு "ஆச்சா, ஆச்சா"ங்கறார். என்னைக்கோ மூடாம விட்ட இணைப்புன்னு நானா முடிவு கட்டி, அதை வெட்டி விட்டுட்டு மறுபடி அடிச்சேன். இந்தத் தடவை மூச்சு விடல. பாதி டிஸ்க் காலி. அப்பாடான்னு இருந்துச்சு.

அவ திரும்பி வந்து தன் மெஷின் முன்னாடி உக்காந்தா. திறந்து வெச்சிட்டுப் போன டிசைன், இணைப்பு போனதும் தானா மூடிப் போயிருந்துச்சு.

"என்னங்க, குப்பை எங்க?"

"அழிச்சாச்சு. இனி நிம்மதியா சேமி."

"என் பெட்டி அதுலதான் இருந்துச்சு."

'முக்கியம்'ங்கற ஃபோல்டர்ல வெச்சா முதலாளி உள்ள பூந்து இஷ்டத்துக்குக் கலரை மாத்திடுவாராம். அவர் எட்டிப் பார்க்காத ஒரே இடம் குப்பை. அதனால ஆபீஸ்ல உருப்படியான வேலை பூராவும் அங்கதான். அடப்பாவிகளா, இதை யாராவது என்கிட்ட சொன்னீங்களா? கமாண்ட்ல அழிச்சது ரீசைக்கிள் பின்னுக்கும் போகாது. மீட்கிற சாப்ட்வேரை ஓட்டினேன், ஒண்ணும் தேறல.

"பேக்கப் இருக்கா சார்?"

"இடம் இல்லன்னு அதைப் போன மாசமே நிறுத்திட்டோம். அச்சகத்துக்காரன் ஆறு மணிக்கு மேல காத்திருக்க மாட்டான்"னு சொல்லிட்டு முதலாளி நழுவிட்டார்.

எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. "புத்தி இருக்கறவங்க யாராவது வேலையைக் குப்பையில வைப்பாங்களா?"ன்னு அவமேலயே பாஞ்சேன்.

அவ சத்தம் போடல. "அழிக்கறப்ப அது ஒண்ணுமே சொல்லலையா?"

"யாரோ பயன்படுத்துறாங்கன்னு சொல்லுச்சு."

"எத்தனை தடவை?"

"மூணு தடவை."

"நான் சொன்னாத்தான் உங்க காதுல ஏறாதுன்னு நெனச்சேன்."

புதுப் பக்கத்தைத் திறந்து பெட்டியோட முதல் கோட்டைப் போட ஆரம்பிச்சா. மணி நாலு தாண்டியிருந்துச்சு. நான் பக்கத்துல போய், ஏதாவது செய்யட்டுமான்னு கேட்டேன்.

"எதையும் தொடாம இருங்க, அது போதும்"னா, திரும்பிப் பார்க்காமலே.