படகுச் சாப்பாடு

பழவேற்காட்டு ஏரித் தண்ணீரை உள்ளங்கையில் அள்ளி வைத்துக்கொண்டு சொல்கிறேன். இதில் ஒரு சொல் பொய்யானாலும் இந்தத் தண்ணீர் கீழே ஒழுகிப் போகட்டும்.

தோணிரேவுக் கரையில், ஒல்லாந்தர் கோட்டைக்குச் சுண்ணாம்பு சுடும் காளவாய் எரிந்துகொண்டிருந்தது. பொன்னியம்மாள் விடிந்ததிலிருந்து கிளிஞ்சல் சுமந்தாள். ஈரக் கூடையிலிருந்து வழிந்த தண்ணீர் கழுத்தில் உப்பாகக் காய்ந்து, வேர்வையில் கரைந்து, மறுபடி காய்ந்தது. கூடையில் தெரியாமல் ஏறிவிட்ட நண்டு, காளவாயை எட்டுமுன்பே சிவந்துவிடும். மேலே பறந்த காக்கை ஒன்று வறுவலாகவே விழுந்தது. மேஸ்திரி உப்பு கேட்டார்.

அவள் புருஷன் வரதன் ஏரிக்குப் போய் நாலு நாள். வீட்டுக்கு வந்தவள் அடுப்பு மூட்டவில்லை. ஒரு முறத்தில் பொரி, வறுத்த கடலை, வெள்ளரிப் பிஞ்சு, ஒரு பிடி சென்னாக்குனிக் கருவாடு. வாசலில் காலை நீட்டி உட்கார்ந்து தின்றாள். இப்படி மூன்று நாள்.

காளவாய்ப் பொறி கூரைகளில் விழுந்து பிடிக்காமல் பார்க்க, குப்பன் என்று ஒரு காவல்காரனை ஊர் வைத்திருந்தது. எந்தக் கூரையில் புகை, எதில் இல்லை என்று அவன்தான் சொல்வான். அவன் சொன்னான். நாலாம் நாள், பொழுது சாயுமுன்பே, வலை காயப்போடும் மணலில் ஊர் கூடிவிட்டது. காளவாயில் யாருக்குக் கூடை என்று முடிவு செய்யும் ஊர்த்தலைவர் தேசப்பன் நடுவில் உட்கார்ந்தார். சாட்சிக்காகப் பொன்னியம்மாளின் முறத்தை, அவள் வாய் வைக்குமுன்பே, அப்படியே தூக்கி வந்து வைத்தார்கள்.

"இன்னாம்மே, மூணு நாளா உன் வூட்டுல பொகையே இல்லியாமே?"

"பகலெல்லாம் காளவா நெருப்புல வேவுறேன் மாமா. வூட்டுக்கு வந்து இன்னொரு நெருப்புல வேவ முடியல."

"அதுக்காவ இத்தயா துன்னுவே?" தேசப்பன் ஒரு கடலையை எடுத்துப் பார்த்தார். வாயில் போட்டும் பார்த்தார்.

"ஏரியில அவரும் இத்தத்தான் துன்னுனு கீறாரு. நான்தான் மூட்ட கட்டிக் குடுத்தேன்."

பக்கத்திலிருந்த லோகநாதன் சிரித்தான். "அது படகுச் சாப்பாடும்மே. தொழில் செய்ற ஆம்பளைக்குத் தெம்பு." அவன் வெள்ளரிப் பிஞ்சை ஒடித்தான்.

"எனக்குத் தெம்பு வராதா? நானும் தொழில்தானே செய்றேன்?"

"பொம்பள துன்னா அதுக்குப் பேரு கொறிக்கிறது. இன்னிக்கு நீ கொறிப்பே, நாளைக்கு எங்க வூட்டுப் பொம்பளைங்களும் அடுப்ப அணைச்சிடுவாளுங்க."

"அவுங்களுக்கும் கால் வலிக்குது மாமா. கேட்டுப் பாரு."

யாரும் கேட்கவில்லை. இதை யோசிப்பதற்கு வெகுநேரம் பிடித்தது. யோசிக்க யோசிக்கக் கடலை நொறுங்கும் சத்தம் நாலு பக்கமும் கேட்டது. கருவாடு கைமாறியது. கடைசிப் பொரியை அள்ளிக்கொண்டே தேசப்பன் தீர்ப்பு சொன்னார்.

"அடுப்பு எரியாத வூட்டுக்காரிக்குக் காளவாயில கூடை கெடையாது. உன் கூடை நாளையிலேர்ந்து என் மருமவளுக்கு. அவ வூட்டு அடுப்பு அணைஞ்சதே இல்ல."

"மாமா, கூடை இல்லாம நான் இன்னாத்த வாங்கி, இன்னாத்த ஆக்குறது?"

"அத்த நீ முன்னயே யோசிச்சிருக்கணும்." அவர் உள்ளங்கை உப்பை நக்கிக்கொண்டு எழுந்தார்.

ஆண்கள் வேட்டியை உதறிக்கொண்டு, சுடுசோறு காத்திருக்கும் வீடுகளுக்குப் போனார்கள். பொன்னியம்மாள் முறத்தை எடுத்துக் கவிழ்த்துத் தட்டினாள். ஒரு கடலைத் தோல் விழுந்தது. காற்று அதையும் கொண்டுபோனது. வெறும் முறத்தோடு அவள் வீட்டுக்கு நடந்தாள். காளவாய் மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

அந்தக் காவல்காரக் குப்பன் நான்தான்; ஐந்து வயதில் அம்மை போட்டதிலிருந்து எனக்கு இரண்டு கண்ணும் தெரியாது.