லிஃப்ட் கதவோடு பேசியவன்

ஊரில் ரேடியோ என்று சொன்னால்தான் அவனைத் தெரியும். வாயைத் திறந்தால் மூடமாட்டான். லிஃப்ட் மெக்கானிக். வெளிநாட்டு வேலைக்கு வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, அந்த வாய்க்குப் பூட்டு விழுந்துவிட்டது. அறையில் கூட இருந்த இருவருக்கும் இரவு ஷிஃப்ட். இவன் திரும்பும்போது அவர்கள் கிளம்பிக்கொண்டிருப்பார்கள். ஆளுக்கொரு பாஷை. அவர்கள் தலையாட்டுவார்கள், இவனும் ஆட்டுவான். கடைக்காரர்கூட விலையைச் சொல்லாமல் திரையைத் திருப்பிக் காட்டுவார். மனைவி போனில் விசாரித்தால் மட்டும், "எனக்கென்ன குறை, ராஜா மாதிரி இருக்கேன்" என்பான்.

அன்று காலை ஓர் அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுவிட்டது. உள்ளே யாரோ மாட்டிக்கொண்டிருந்தார்கள். சீனியர் இவனைக் கதவருகே நிறுத்தி, விரல்களைக் குவித்து வாய்போலத் திறந்து மூடிக் காட்டிவிட்டு மேலே மெஷின் அறைக்கு ஓடினார். பேச்சுக் கொடுத்துக்கொண்டே இரு, பயத்தில் கதவை நெம்பிவிடப் போகிறார்கள் என்று அர்த்தம்.

உள்ளே ஒரு பெண் அழுவது கேட்டது. இவன் கற்றுக்கொண்டு வந்த அந்த ஊர்ப் பாஷையின் நாலு வார்த்தையும் காலை வாரிவிட்டன. தமிழ்தான் வந்தது.

"அம்மா, பயப்படாதீங்க. நான் இங்கதான் நிக்கறேன். கயிறெல்லாம் கெட்டியா இருக்கு, விழாது."

உள்ளே குரல் ஏதோ சொன்னது.

"ஆமாமா, புழுக்கமாத்தான் இருக்கும். மேல ஃபேன் ஓடும் பாருங்க, அதுக்கு நேரா நில்லுங்க."

மறுபடி அந்தக் குரல், ஏதோ கேட்பதுபோல. அவ்வளவுதான், மடை திறந்துகொண்டது. புது ஷூ கடிப்பதைச் சொன்னான். பஸ்ஸில் பக்கத்து சீட் காலியாகவே வருவதைச் சொன்னான். "நான் தினமும் குளிச்சிட்டுத்தாம்மா வரேன்!" உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. இவனும் சிரித்தான். கண்ணும் கலங்கிவிட்டது.

லிஃப்ட் ஒரு குலுக்குக் குலுக்கி, மெல்ல நகர்ந்து தளத்துக்கு வந்து நின்றது. சாவி போட்டுத் திறந்தான். இளம்பெண். அழுது சிவந்த முகம், காதில் போன். போனில் இருந்த யாரிடமோ இன்னும் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். இவனைப் பார்த்து ஒரு கையை மட்டும் அசைத்துவிட்டு, அதே பேச்சோடு நடந்து போய்விட்டாள்.

சாயங்காலம் மனைவியிடம் இதைத் தமாஷாகத்தான் சொன்னான். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து முடித்ததும் கேட்டாள்.

"ஏங்க, முன்னபின்ன தெரியாத கதவுகிட்ட சொன்னதை எங்கிட்ட சொல்ல வாய் வரலையா?"

"நீ அழுவியேன்னுதான்..."

"அழுதா அழுதுட்டுப் போறேன். சொல்லுங்க."

தொண்டையைச் செருமிக்கொண்டான். அதற்குள் அவள், "அத்தை கூப்பிடறாங்க, இருங்க, கட் பண்ணிடாதீங்க" என்று போனை எங்கோ வைத்துவிட்டுப் போனாள்.

அந்தப் பக்கம் வாளியில் தண்ணீர் விழுந்தது. மகள் ஏழாம் வாய்ப்பாட்டில் தடுக்கி, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். அவன் கட்டிலில் அசையாமல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். மனைவி திரும்பி வர வெகுநேரம் ஆயிற்று. அவன் கட் செய்யவில்லை.